அல்சருக்குப் பின்னால் ஒரு கிருமி... தெரியுமா?

அல்சர் பல பேருக்கு ஒரு தொற்றுநோய், தெரியுமா? “நேரத்துக்குச் சாப்பிடாம அல்சரை வாங்கிக்கிட்டான்”, “பச்சை மிளகாயைக் கடிச்சுக் கடிச்சே வயித்தைப் புண்ணாக்கிக்கிட்டா” என்று வீட்டுக்கு வீடு சொல்கிறோம். காரமும் பட்டினியும் ஏற்கெனவே இருக்கும் எரிச்சலைக் கிளறிவிடும், அது உண்மை. ஆனால் புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் வேறு இரண்டு. ஒன்று, மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை. இன்னொன்று, இரைப்பைக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் ஒரு பாக்டீரியா! பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. டாக்டர்கள் சுருக்கமாக எச்.பைலோரி என்பார்கள். உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வயிற்றில் இது இருக்கிறது. இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கும் மேல். இதைப் படிக்கும் உங்களுக்கும் எனக்கும் இருக்கவே நிறைய வாய்ப்பு!

பயப்பட வேண்டாம். கிருமி இருப்பவர்களில் பத்துக்கு ஒருவருக்கோ அதைவிடச் சற்று அதிகமானவர்களுக்கோதான் வாழ்நாளில் அல்சர் வருகிறது. மற்றவர்கள் ஒன்றும் அறியாமலே காலம் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் அல்சர் வந்துவிட்டால் கிருமியைக் கண்டுபிடிக்கவும் முடியும், இரண்டே வாரத்தில் அடியோடு துரத்தவும் முடியும். அது எத்தனை பேருக்குத் தெரியும்?

வயிற்று அமிலத்தில் எதுவும் உயிர் பிழைக்காது என்று படித்திருப்பீர்கள். மருத்துவர்களும் நூறு வருடம் அப்படித்தான் நம்பினார்கள். வெறும் வயிற்றில் அமிலத்தின் பி.எச். அளவு 1 முதல் 2 வரை. சோற்றோடு உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பாலானவை அங்கேயே செத்துப்போகும். பைலோரி மட்டும் எப்படித் தப்பிக்கிறது? அதனிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. நம் உடம்பில் எப்போதும் கொஞ்சம் யூரியா ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா? அந்த யூரியாவைப் பிடித்து அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைத்துவிடுகிறது. அம்மோனியா காரத்தன்மை உள்ளது. தன்னைச் சுற்றி இருக்கும் அமிலத்தை அதைக் கொண்டே அடக்கிவிடுகிறது! ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் முந்நூறு கிருமிகளை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சிறியது. அதற்குள் இத்தனை வேதியியல்!

அதோடு முடியவில்லை. இரைப்பையின் உட்சுவர் மேல் கெட்டியான சளிப்படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. நம் அமிலம் நம்மையே அரித்துவிடாமல் காப்பது அதுதான். அந்தக் கெட்டிச் சளிக்குள் எந்தக் கிருமியாலும் நீந்த முடியாது. பைலோரிக்கு ஒரே முனையில் நாலு முதல் ஆறு வால்கள் இருக்கின்றன, உடம்பும் சுருளாக வளைந்தது. திருகாணி மாதிரி துளைத்துக்கொண்டு போகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். அப்படி இல்லை என்று 2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். கெட்டிச் சளிக்குள் விட்டால் அதன் வால்கள் சுழல்கின்றன, ஆனால் உடம்பு நகரவே மாட்டேன் என்கிறது. பிறகு அம்மோனியா வேலை செய்கிறது. சளியின் அமிலம் குறைந்து பி.எச். 4-ஐத் தாண்டியதும் கெட்டிச்சளி நீர்த்துப் போகிறது. உடனே கிருமி நீந்தத் தொடங்குகிறது! போகிற வழியைத் தானே இளக்கிக்கொண்டு, அமிலம் எட்டாத அடித்தளத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறது. யூரியேஸ் என்ற இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள். கிருமியைக் காப்பாற்றும் அதே நொதிதான் டாக்டரிடம் அதைக் காட்டியும் கொடுக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

இந்தக் கிருமி எத்தனை காலமாக நம்மோடு இருக்கிறது தெரியுமா? 1991-ல் ஆஸ்திரியா, இத்தாலி எல்லையில் ஆல்ப்ஸ் பனிக்குள் ஒரு மனித உடல் கிடைத்தது. சுமார் 5,300 வருடம் பழையது. ஓட்ஸி என்று பெயர் வைத்தார்கள். உடல் உலர்ந்து சுருங்கியதில் இரைப்பை இடம் மாறி நெஞ்சுப் பக்கம் ஏறிவிட்டது. அதைக் கண்டுபிடிக்கவே இருபது வருடம் போல ஆனது. அந்த இரைப்பைக்குள் பைலோரியின் மரபணு! 2016-ல் அதை முழுசாகப் படித்து வெளியிட்டார்கள். இன்றைய ஐரோப்பியர்களின் வயிற்றில் இருக்கும் வகையாக அது இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். வந்ததோ மத்திய ஆசியாவிலும் தெற்காசியாவிலும் இன்று காணப்படும் வகைக்கு நெருங்கிய சொந்தம்! மனிதன் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி உலகம் முழுதும் பரவிய பாதையை இந்தக் கிருமியின் மரபணுவை வைத்தே வரைகிறார்கள். அறுபதாயிரம் வருடம் முன்னால் நம் முன்னோர் ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டபோதே அவர்கள் வயிற்றில் இதுவும் உட்கார்ந்து வந்துவிட்டது.

அப்படியானால் மருத்துவ உலகம் ஏன் இதைப் பார்க்கவே இல்லை? பார்த்தது! போலந்தின் கிராகோவ் நகரில் வலேரி யாவோர்ஸ்கி என்ற பேராசிரியர் 1899-லேயே மனித இரைப்பையில் சுருள் கிருமிகள் இருப்பதை எழுதினார், இவை நோய் உண்டாக்கலாம் என்றும் சொன்னார். போலிஷ் மொழியில் எழுதியதால் வெளியே அதிகம் எட்டவில்லை. 1954-ல் அமெரிக்காவில் எடி பால்மர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் இரைப்பைத் திசுவைப் பார்த்துவிட்டு ஒரு கிருமிகூட இல்லை என்று எழுதினார். அவர் பயன்படுத்திய சாயத்தில் இந்தக் கிருமி சரியாகத் தெரியாது. அந்த ஒரு கட்டுரை முப்பது வருடத்துக்குக் கதவைச் சாத்திவிட்டது.

கிரேக்க நாட்டு டாக்டர் ஜான் லிகூதிஸ் கதையைப் படிக்கும்போது எனக்கு மனசு கனத்துப்போகிறது. மிசோலோங்கி என்ற சிறிய ஊரில் சாதாரண மருத்துவர். 1958-ல் தனக்கு வந்த குடல் அழற்சிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டார், கூடவே தன் அல்சரும் அடங்கியதைக் கவனித்தார். அதிலிருந்து அல்சர் நோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக் கலவை ஒன்றைக் கொடுக்க ஆரம்பித்தார். ஆயிரக்கணக்கானவர்கள் அவரிடம் வந்தார்கள். அமெரிக்க மருத்துவ இதழ் அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. ஒழுங்கு நடவடிக்கைக் குழு 1968-ல் அவருக்கு 4,000 டிராக்மா அபராதம் போட்டது. 1980-ல் இறந்தார். இன்னும் இரண்டே வருடம் இருந்திருந்தால்!

ஆமாம், 1982-ல்தான் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அந்த அதிசயம் நடந்தது. ராயல் பெர்த் மருத்துவமனையில் திசு ஆய்வு நிபுணராக இருந்த ராபின் வாரன் 1979-லிருந்தே இரைப்பைத் திசுக்களில் வளைந்த கிருமிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிச் சாயம் போட்டால் கறுகறுவென்று அழகாகத் தெரியும். சக டாக்டர்கள் நம்பவில்லை. 1981-ல் பயிற்சிக்காக வந்த இளம் டாக்டர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். 100 நோயாளிகளிடம் மாதிரி எடுத்துக் கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்த்துக் காட்டுவது என்று முடிவு செய்தார்கள். முப்பத்து நாலு பேருடைய மாதிரியில் ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டைக் கொட்டிவிடுவது ஆய்வக வழக்கம். 35-வது மாதிரி ஈஸ்டர் விடுமுறைக்கு முன்னால் வந்தது. மருத்துவமனையில் வேறொரு கிருமி பரவி ஆய்வகத்தில் வேலை தலைக்கு மேல். தட்டைக் கொட்ட ஆள் இல்லை. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் தட்டெங்கும் பைலோரி! அது மெதுவாக வளரும் கிருமி, மூன்று நாளாவது வேண்டும். விடுமுறையால் உலகம் கண்டுகொண்ட கிருமி இது, தெரியுமா?

உடனே கொண்டாடினார்களா? அதுதான் இல்லை. 1983-ல் ஆஸ்திரேலிய இரைப்பை, குடல் மருத்துவர் சங்க மாநாட்டுக்கு 67 ஆய்வுச் சுருக்கங்கள் வந்தன. 56-ஐ ஏற்றார்கள். மார்ஷலுடையது தள்ளுபடி! பன்றிக்குட்டிகளுக்குக் கிருமியைக் கொடுத்துப் பார்த்தார், அவற்றுக்குத் தொற்றவில்லை. 1984-ல் ஒரு காரியம் செய்தார். முதலில் தனக்கு எண்டோஸ்கோப்பி செய்து இரைப்பை நன்றாக இருப்பதை உறுதிசெய்துகொண்டார். பிறகு ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்த கிருமியைக் கலக்கி மடமடவென்று குடித்துவிட்டார்! மனைவியிடம்கூட முன்னால் சொல்லவில்லை. சில நாளில் குமட்டல், வாந்தி, வீட்டில் இருப்பவர்கள் முகம் சுளிக்கும் அளவுக்கு வாய் நாற்றம். இரண்டு வாரத்துக்குள் மறுபடியும் எண்டோஸ்கோப்பி. இரைப்பை முழுக்க அழற்சி, கூடவே கிருமி! பிறகு ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக் குணமானார். நியூசிலாந்தில் ஆர்தர் மோரிஸ் என்ற டாக்டரும் இதே மாதிரி குடித்தார். பாவம், அவரிடமிருந்து கிருமி சுலபத்தில் போகவில்லை, விரட்டச் சில வருடங்கள் ஆயின. 2005-ல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 2024 ஜூலையில் வாரன் காலமானார்.

இந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கும் வரை அல்சர் நோயாளிகள் பட்ட பாடு இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பார்கள். 1943-ல் சிகாகோவின் லெஸ்டர் டிராக்ஸ்டெட் காட்டிய வழியில், அமிலம் சுரக்கச் சொல்லும் வேகஸ் நரம்பையே அறுப்பார்கள். தென்னிந்தியாவில் இந்த அறுவைச் சிகிச்சைகள் ஏராளமாக நடந்தன, ஏனென்றால் முன்சிறுகுடல் அல்சர் இங்கே அவ்வளவு அதிகமாக இருந்தது. மைசூரில் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய ஆங்கில அறுவைச் சிகிச்சை நிபுணர் ஃபிராங்க் டோவி, அரிசி சாப்பிடும் தெற்கில் இந்த அல்சர் மிகுதி, கோதுமை சாப்பிடும் வடக்கில் குறைவு என்று வரைபடமே போட்டார். கிருமியோ இரண்டு பக்கமும் பரவிக்கிடக்கிறது. ஆகவே கிருமி மட்டுமே முழுக்கதை அல்ல, உணவு, புகை, உடல்வாகு என்று மற்றவையும் சேர்கின்றன. ஆனால் கிருமியை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது பாருங்கள்! 1993-ல் வியன்னாவில் 104 அல்சர் நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரை மட்டும். இன்னொன்றுக்கு அதோடு ஆன்டிபயாடிக். ஒரு வருடத்தில் முதல் பிரிவில் நூற்றுக்கு 86 பேருக்கு அல்சர் திரும்பி வந்தது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 8! காலமெல்லாம் மாத்திரை விழுங்க வேண்டிய நோய் ஒரே தவணை மருந்தில் முடிகிற நோயாக மாறியது.

சரி, உங்கள் வயிற்றில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் யூரியேஸ் திரும்பி வருகிறது. மனிதச் செல் எதிலும் யூரியேஸ் கிடையாது. ஆகவே இரைப்பையில் யூரியா உடைகிறது என்றால் அங்கே கிருமி இருக்கிறது என்று அர்த்தம்! ஊதிக் காட்டினாலே போதும், தெரியுமா? மூச்சுப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும். முதலில் ஒரு பைக்குள் ஊதச் சொல்வார்கள். பிறகு யூரியா கலந்த நீரைக் குடிக்கத் தருவார்கள். அந்த யூரியாவில் இருக்கும் கார்பன் சாதாரண கார்பன் அல்ல, கார்பன்-13. கதிர்வீச்சு கிடையாது, எடை மட்டும் சற்றுக் கூடுதல். அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கிருமி இருந்தால் யூரியாவை உடைக்கும், கரியமில வாயு ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கு வரும். இரண்டாவது பையில் ஊதும்போது அந்தக் கனமான கார்பன் மூச்சில் வெளியே வந்துவிடும். இரண்டு பையையும் கருவி ஒப்பிட்டுச் சொல்லிவிடும். ஊசி இல்லை, குழாய் இல்லை. வயிற்றுக்குள் ஒளிந்த கிருமி மூச்சுக்காற்றில் மாட்டிக்கொள்கிறது! கார்பன்-14 வைத்தும் இந்தப் பரிசோதனை உண்டு. அதில் கதிர்வீச்சு மிக மிகக் கொஞ்சம், இருந்தாலும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தவிர்ப்பார்கள்.

எண்டோஸ்கோப்பி செய்யும்போது நடப்பதும் கண்ணுக்கு விருந்துதான். குழாய் வழியே சின்னஞ்சிறு கிடுக்கியை விட்டு இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்தும் நடுப்பகுதியிலிருந்தும் குருணை அளவுக்குத் திசுவைக் கிள்ளி எடுப்பார்கள். வலி தெரியாது. யூரியாவும் நிறம் மாறும் சாயமும் கலந்த மஞ்சள் கூழ் நிரம்பிய சின்னக் குழிக்குள் நர்ஸ் அந்தத் துண்டை அழுத்தி வைப்பார். கிருமி நிறைய இருந்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துண்டைச் சுற்றி இளஞ்சிவப்பு படரத் தொடங்கும். சில நிமிடத்தில் மஞ்சள் முழுக்கச் சிவந்துவிடும். கிருமி குறைவாக இருந்தால் நிறம் மாறப் பல மணி நேரம் ஆகும், ஒரு நாள் வரை வைத்துப் பார்ப்பார்கள். மீதித் துண்டுகள் திசு ஆய்வுக்குப் போகும். அழற்சி எவ்வளவு, புற்றுநோய்க்கான அறிகுறி ஏதும் உண்டா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் பரிசோதனையும் நம்பகமானது. குழந்தைகளுக்கு இது ரொம்ப வசதி. ரத்தப் பரிசோதனை பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. ரத்தத்தில் தேடுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை. கிருமி செத்துப் பல மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்தும் அது ரத்தத்தில் இருக்கும். குணமானவருக்கும் “பாசிட்டிவ்” என்று வரும்! அதை வைத்து மறுபடி மருந்து எழுதுவது வீண். சிகிச்சை பலித்ததா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை உதவவே உதவாது.

ரொம்பப் பேர் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். காலையில் வெறும் வயிற்றில் போடுகிறோமே பான்டாப்ரசோல், ஒமிப்ரசோல், ரேபிப்ரசோல், அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே பரிசோதனைக்குப் போனால் கிருமி இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம்! இந்த மாத்திரைகளால் கிருமியின் எண்ணிக்கை தாழ்ந்து, யூரியேஸ் வேலையும் மந்தமாகிவிடும். ஆகவே அந்த மாத்திரைகளை 2 வாரமும், ஆன்டிபயாடிக்கையும் பிஸ்மத் மருந்தையும் 4 வாரமும் நிறுத்திய பிறகே பரிசோதிக்க வேண்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். ரத்தக்கசிவு இருக்கும்போது எடுக்கும் பரிசோதனையும் இப்படி ஏமாற்றும். அப்போது “இல்லை” என்று வந்தால் பிறகு ஒரு தடவை மறுபடி பார்ப்பார்கள்.

யாருக்கு நேராக எண்டோஸ்கோப்பி? மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுவென்று போனால், வாந்தியில் ரத்தம் வந்தால், காரணமில்லாமல் எடை இறங்கினால், விழுங்கும்போது அடைத்தால், ரத்தசோகை இருந்தால், விடாமல் வாந்தி எடுத்தால், வயதான பிறகு முதன்முறையாக வயிற்று உபாதை தொடங்கினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இவை எதுவும் இல்லாத இளவயதினருக்கு மூச்சு அல்லது மலப் பரிசோதனையே போதும். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை எத்தனை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாத சிலருக்குக் காரணம் இந்தக் கிருமி, தெரியுமா? ரத்தத்தட்டு குறையும் ஐ.டி.பி. என்ற நோயிலும் பைலோரியைத் தேடச் சொல்கிறார்கள். கிருமியை விரட்டியதும் சிலருக்குத் தட்டணுக்கள் தாமாகவே ஏறிவிடுகின்றன! வயிற்றுக் கிருமிக்கும் ரத்தத்துக்கும் இப்படி ஓர் உறவு.

இப்போது சிகிச்சை. பாக்டீரியாவால் வரும் தொண்டை வலிக்கு ஒரு ஆன்டிபயாடிக் போதும். பைலோரிக்கு ஒன்று போதவே போதாது. அமிலத்தில் பல ஆன்டிபயாடிக்குகள் வீரியம் இழக்கும். இன்னொன்று, அமாக்சிசிலின் போன்ற மருந்து பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் கொல்லும், பெருகாமல் சும்மா இருக்கும் கிருமியைத் தொடாது. அதனால் அமிலத்தை நன்றாக அடக்கி, கிருமியை “இடம் சௌகரியமாக இருக்கிறதே” என்று பெருக விட்டு, அந்த நேரம் பார்த்து அடிக்கிறார்கள்! அமிலம் குறைக்கும் மாத்திரையைக் காலை, இரவு இருவேளையும் உணவுக்கு அரை மணி முன்னால் எழுதுவது இதற்காகத்தான். அதை விட்டுவிட்டு ஆன்டிபயாடிக்கை மட்டும் சாப்பிட்டால் பாதி வேலை கெட்டது.

பல வருடங்களாகக் கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின், அமிலக் குறைப்பு மாத்திரை மூன்றும் சேர்ந்த கிட்தான் எங்கும் கொடுத்தார்கள். இன்று அது பல ஊர்களில் பலிப்பதில்லை. கிருமி கிளாரித்ரோமைசினுக்கு மசியாமல் போய்விட்டது. ஓர் ஊரில் நூற்றுக்கு 15-க்கு மேற்பட்ட கிருமிகள் இப்படி மாறிவிட்டால் பரிசோதிக்காமல் அந்தக் கிட்டைக் கொடுக்காதீர்கள் என்பது உலக நிபுணர்களின் கருத்து. 2017-ல் உலக சுகாதார நிறுவனம் புதிய மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் இதையும் சேர்த்தது. இதில் நம் பங்கும் இருக்கிறது, எனக்கு அது பெரிய கவலை. சளி, இருமல் என்றால் மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கிப் போடுகிறோமே அசித்ரோமைசின், அது கிளாரித்ரோமைசினின் பங்காளி. ஒன்றுக்குப் பழகிய கிருமி மற்றதுக்கும் மசியாது. வயிற்றுப்போக்கு வந்தால் தானாக வாங்கும் மெட்ரோனிடசோல் கதையும் இதுதான். அதனால் டாக்டரிடம் போகும்போது முன்னால் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் எதுவென்று சொல்லுங்கள், பழைய சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள். மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் அந்தச் சீட்டுக்குப் பெரிய மதிப்பு உண்டு.

இன்று முதல் தேர்வாகப் பல நாட்டு நிபுணர்கள் சொல்வது நாலு மருந்து, 14 நாள். பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமிலக் குறைப்பு மாத்திரை. பிஸ்மத் ஓர் உலோகம், அதன் உப்பை வயிற்று வலிக்கு இருநூறு வருடமாகக் கொடுத்து வருகிறார்கள், தெரியுமா? ஏன் கேட்கிறது என்று தெரியாமலே கொடுத்தார்கள். அது பைலோரியைக் கொல்கிறது என்று பிற்பாடுதான் புரிந்தது! இன்னும் ஆச்சரியம், மற்ற மருந்துகளை ஏமாற்றக் கற்றுக்கொண்ட கிருமி பிஸ்மத்தை மட்டும் ஏமாற்றப் பழகவே இல்லை. ஜப்பானில் உருவான வோனோபிரசான் என்ற புதிய மாத்திரை அமிலத்தை இன்னும் வேகமாகவும் பலமாகவும் அடக்குகிறது. இந்தியாவிலும் விற்பனைக்கு வந்துவிட்டது.

சாப்பிடுவது சுலபமில்லை, மறைக்க வேண்டியதும் இல்லை. ஒரு நாள் மாத்திரைக் கணக்கு பத்து, பன்னிரண்டைத் தாண்டும். வாயில் உலோகச் சுவை, குமட்டல், சிலருக்கு வயிறு இளகும். பிஸ்மத்தால் நாக்கும் மலமும் கறுத்துப்போகும், அதற்காகப் பயந்து நிறுத்திவிடாதீர்கள், மருந்து முடிந்ததும் சரியாகிவிடும். டெட்ராசைக்ளினைப் பாலோடும் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து விழுங்கினால் அது உடம்பில் சேராது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அந்த மருந்து கூடாது. மெட்ரோனிடசோல் சாப்பிடும்போது மது அறவே ஆகாது. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் அமாக்சிசிலின் எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள். நாலு நாளில் வயிறு லேசாகிவிட்டது என்று பாதியில் விடுவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. சாகாமல் தப்பிய கிருமி அந்த மருந்தைத் தெரிந்துகொண்டு மறுபடி பெருகும். வீட்டில் மணத்தக்காளிக் கீரையும் மோரும் தாராளமாகச் சாப்பிடுங்கள், வயிற்றுக்கு இதம்தான். கிருமியை அவை விரட்டாது.

ஆன்டிபயாடிக்கில் கரைந்த புற்றுநோய் உண்டு, தெரியுமா? இரைப்பையில் வரும் மால்ட் லிம்போமா என்ற அரிய வகை. 1993-ல் லண்டன் மருத்துவர்கள் 6 பேருக்குப் பைலோரி சிகிச்சை மட்டும் கொடுத்தார்கள். 5 பேருக்குக் கட்டி மறைந்தது! இன்று ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்கு முதல் சிகிச்சையே அதுதான். சாதாரண இரைப்பைப் புற்றுநோய்க்கும் இந்தக் கிருமிக்கும் தொடர்பு உண்டு என்பதால் 1994-லேயே இதை முதல்நிலைப் புற்றுக் காரணியாக அறிவித்துவிட்டார்கள். புகையிலை இருக்கும் அதே பட்டியல். தைவானின் மாட்சு தீவுகளில் 2004-லிருந்து ஊர் முழுக்க மூச்சுப் பரிசோதனை செய்து, கிருமி இருந்தவர்களுக்கெல்லாம் மருந்து கொடுத்தார்கள். பிறகு பார்த்தால் புதிதாக வரும் இரைப்பைப் புற்றுநோய் பாதிக்கு மேல் குறைந்திருந்தது! நம் நாட்டில் கிருமி இவ்வளவு பரவியிருந்தும் இந்தப் புற்றுநோய் மொத்தத்தில் குறைவு, அது ஆய்வாளர்களுக்கு இன்னும் புதிர். ஆனால் மிசோரத்தில் மிக அதிகம், அங்கே புகையூட்டிய இறைச்சியும் புகையிலையும் காரணத்தில் சேர்கின்றன. சென்னைப் பதிவேட்டிலும் ஆண்களுக்கு வரும் முன்னணிப் புற்றுநோய்களில் இது பல வருடமாக இருக்கிறது. ஆகவே நாம் அசட்டையாக இருக்க முடியாது.

எல்லா நெஞ்செரிச்சலுக்கும் பைலோரிதான் காரணமா? இல்லை. புளித்த ஏப்பம், மேலேறும் அமிலம் இவற்றுக்கு வேறு காரணங்கள் உண்டு. புண்ணே இல்லாமல் வெறும் உப்புசமும் மந்தமும் இருப்பவர்களில் கிருமியை விரட்டியதும் குணமாகிறவர்கள் சிலர்தான். அதனால்தான் பரிசோதிக்காமல் “எதுக்கும் ஒரு கிட் போட்டுப் பார்ப்போம்” என்று வாங்கிச் சாப்பிடுவது தவறு.

இந்தக் கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, வீட்டுக்குள்ளேயே தொற்றிவிடுகிறது. வாய் வழியாக, வாந்தி வழியாக, சுத்தமில்லாத தண்ணீரும் கையும் வழியாக. பிள்ளைக்குச் சோற்றை மென்று ஊட்டும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

கடைசியாக ஒன்று, இதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். 14 நாள் மருந்து முடிந்ததும் வேலை முடியவில்லை! குறைந்தது 4 வாரம் கழித்து, அமில மாத்திரையை 2 வாரம் நிறுத்திவிட்டு, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ ஒன்று செய்து கிருமி போய்விட்டதா என்று உறுதிப்படுத்த வேண்டும். வலி நின்றது மட்டும் அத்தாட்சி ஆகாது. முதல் தவணையில் போகாதவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன, இரண்டாவது தடவையில் பெரும்பாலோருக்குப் போய்விடும். உங்கள் டாக்டர் மறந்தாலும் நீங்களே கேளுங்கள்: “டாக்டர், கிருமி போயிடுச்சான்னு எப்போ டெஸ்ட் பண்ணலாம்?”